பாடுபவர்கள் பாடம் நடத்திய கல்லூரி

நவஹோ மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, தன் பெயரோடு நிறுத்திக்கொள்வதில்லை. தாயின் குலம், தந்தையின் குலம், தாய்வழித் தாத்தாவின் குலம், தந்தைவழித் தாத்தாவின் குலம் என நான்கையும் வரிசையாகச் சொல்வாள். கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியரின் குலமும் அவற்றில் ஒன்றாக இருந்துவிட்டால், அந்தக் கணத்திலிருந்து அவர் அவளுக்கு அத்தையோ அண்ணனோ தாத்தாவோ ஆகிவிடுகிறார். நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, தெருவில் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு “நீ யாரு வீட்டுப் பிள்ளை?” என்று விசாரித்து உறவைக் கண்டுபிடித்துவிடுவதைப் போன்றதுதான் இது. நவஹோ மொழியில் இந்த உறவுமுறைக்குக் ‘கே’ என்று பெயர். உறவு என்று ஆகிவிட்டால் கடமையும் கூடவே வந்துவிடும்.

இந்தக் ‘கே’யை அடித்தளமாகக் கொண்டு எழுந்த ஒரு கல்லூரி அமெரிக்காவில் இருக்கிறது. அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், செய்லி என்ற சிற்றூரில் அது அமைந்துள்ளது. இன்று அதன் பெயர் தினே கல்லூரி. 1968இல் தொடங்கப்பட்டபோது நவஹோ சமுதாயக் கல்லூரி என்று அழைக்கப்பட்டது. அமெரிக்கத் தொல்குடி மக்கள் தங்கள் சொந்த அதிகாரத்தில், தங்கள் சொந்த மண்ணில் நிறுவிய முதல் கல்லூரி அதுதான். ‘தினே’ என்றால் அவர்கள் மொழியில் ‘மக்கள்’. நவஹோ என்பது பிறர் வைத்த பெயர். தங்களை அவர்கள் சொல்லிக்கொள்ளும் பெயர் தினே. கல்லூரி தன் பெயரை 1997இல் மாற்றிக்கொண்டதற்குப் பொருள் இதுதான்.

சமுதாயக் கல்லூரி என்ற அமைப்பு அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டி ஆறே மாணவர்களுடன் தொடங்கியது ஜோலியட் ஜூனியர் கல்லூரி. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை மாணவர்கள் வீட்டிலிருந்தபடியே படிக்கட்டும் என்பது அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் பரவியதும் அதன் பிறகுதான். பல மாநிலங்களில் இக்கல்லூரிகளுக்கு உயிர்நாடி, அந்தந்த மாவட்ட மக்கள் செலுத்தும் சொத்துவரி. வீடும் கடையும் வைத்திருப்பவர்கள் வரி கட்டுகிறார்கள், அந்த வரியில் கல்லூரி நடக்கிறது, அவர்கள் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் படிக்கிறார்கள்.

நவஹோ நாட்டில் இந்தக் கணக்கு செல்லாது. அங்குள்ள நிலத்தின் பெரும்பகுதியை மத்திய அரசு பழங்குடியின் பெயரால் அறக்கட்டளையாக வைத்திருக்கிறது. அந்த நிலத்துக்குச் சொத்துவரி விதிக்க முடியாது. ஆகவே மற்றச் சமுதாயக் கல்லூரிகள் எந்தக் காலில் நிற்கின்றனவோ, அந்தக் கால் இந்தக் கல்லூரிக்குப் பிறவியிலேயே இல்லை. அப்படியென்றால் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதைத் தாங்கி நிற்பது எது? பணம் எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று மட்டும் தேடினால் இதற்குப் பாதி விடைதான் கிடைக்கும். மீதி விடைக்கு நூறாண்டு பின்னால் போகவேண்டும்.

1863இல் கிட் கார்சன் தலைமையிலான அமெரிக்கப் படை நவஹோ மண்ணில் நுழைந்தது. சோளக் கொல்லைகளை எரித்தது; ஆடுகளைக் கொன்றது; கேன்யன் டி ஷே பள்ளத்தாக்கில் தலைமுறைகளாக வளர்ந்திருந்த பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. பட்டினி தாங்காமல் சரணடைந்தவர்கள் ஏறத்தாழ 300 மைல் நடத்திச் செல்லப்பட்டு, நியூ மெக்சிகோவின் போஸ்கே ரெடோண்டோ முகாமில் அடைக்கப்பட்டார்கள். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடைபட்டிருந்தனர். உப்புத் தண்ணீரும் நோயும் விளையாத மண்ணுமாக நான்கு ஆண்டுகள் கழிந்தன. வழியிலும் முகாமிலும் இறந்தவர்கள் ஏராளம். நவஹோ முதியவர்கள் இன்றும் அந்த ‘நீண்ட நடை’யைக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.

1868 ஜூன் 1 அன்று ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவஹோக்கள் தங்கள் மண்ணுக்குத் திரும்பலாம். தொல்குடிகள் பலர் பிறந்த மண்ணைவிட்டுத் தொலைதூரத்துக்கு விரட்டப்பட்ட காலத்தில் இது அரிய வெற்றி. அந்த ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு கல்வியைப் பற்றியது. ஆறு முதல் பதினாறு வயதுவரையான பிள்ளைகளைப் பெற்றோர் பள்ளிக்கு அனுப்பவேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் அரசு ஆசிரியர்களைத் தரவேண்டும்.

அரசு கொடுத்தது வேறு. 1879இல் பென்சில்வேனியாவில் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட் தொடங்கிய கார்லைல் பள்ளியை முன்மாதிரியாகக் கொண்டு விடுதிப் பள்ளிகள் பெருகின. பிள்ளைகளின் முடியை வெட்டினார்கள், உடையை மாற்றினார்கள், பெயரை மாற்றினார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தலைவர்களில் ஒருவரான மனுவெலிட்டோ, கல்வி தன் மக்களை உயர்த்தும் என்று உறுதியாக நம்பியவர். 1880களில் தன் பிள்ளைகள் இருவரைக் கார்லைலுக்கு அனுப்பிவைத்தார். இருவரும் நோயுற்று இறந்தார்கள். கல்விக்கு ஒரு சமூகம் கொடுத்த விலையைப் பேசும்போது, இந்தத் தகப்பனைக் கடந்துபோக முடியவில்லை.

விடுதிப் பள்ளிகளில் எந்த மொழியைப் பேசியதற்காக அடி வாங்கினார்களோ, அதே மொழி 1942இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைக்குத் தேவைப்பட்டது. முதலில் 29 நவஹோ இளைஞர்கள் சேர்ந்து, தங்கள் தாய்மொழியை வைத்து ஜப்பானியரால் உடைக்க முடியாத ஒரு குறிமொழியை உருவாக்கினார்கள். பிறகு அந்தப் படைப் பிரிவில் ஏறத்தாழ 400 பேர் பணியாற்றினர். போர் முடிந்து ஊர் திரும்பிய அந்தத் தலைமுறைக்கு உலகம் தெரிந்திருந்தது. தங்கள் மொழியின் மதிப்பும் தெரிந்திருந்தது.

1950களில் எண்ணெய், எரிவாயு குத்தகையில் பழங்குடி அரசுக்கு வருமானம் வரத் தொடங்கியது. அதில் ஒரு பங்கைக் கல்வி உதவி நிதியாக ஒதுக்கினார்கள். பிள்ளைகள் வெளியூர்ப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். பலர் படிப்பை முடிக்காமலே திரும்பினார்கள். நூற்றுக்கணக்கான மைல் தூரம், அந்நியமான ஊர், வகுப்பறையில் தன் மக்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத பாடநூல். வீட்டில் ஒரு சடங்கென்றால் வரமுடியாது. வந்தால் வகுப்பு போய்விடும். பிள்ளைகளுக்குத் திறமை போதவில்லை என்று முடிவுகட்டிவிடுவது எளிது. நவஹோ தலைவர்கள் அந்த எளிய முடிவுக்குப் போகவில்லை. ‘நம் பிள்ளைகளை அங்கே அனுப்பிக்கொண்டே இருப்பதைவிட, கல்லூரியை இங்கே கொண்டுவந்தால் என்ன?’ என்று யோசித்தார்கள்.

அந்த யோசனைக்கு ஒத்திகை பார்த்த இடம் ரஃப் ராக் என்ற நவஹோ ஊர். 1966இல் அங்கே ஒரு தொடக்கப் பள்ளி திறக்கப்பட்டது. லிண்டன் ஜான்சன் அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்திலிருந்து பணம் வந்தது; நிர்வாகம் முழுக்க ஊர்க்காரர்கள் கையில். பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆடு மேய்த்தும் நெசவு நெய்தும் வாழ்ந்தவர்கள். முறையான படிப்பு அதிகம் இல்லாதவர்கள். ஆனால் தங்கள் பிள்ளைக்கு என்ன கற்பிக்கவேண்டும் என்பதில் அவர்களுக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை. ஆங்கிலமும் வேண்டும், நவஹோவும் வேண்டும் என்றார்கள். விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெற்றோர்களே முறைவைத்து வந்து தங்கினார்கள். பாட்டி கதை சொல்ல, பிள்ளைகள் உறங்கினார்கள். விடுதிப் பள்ளி என்ற சொல்லுக்கு அதுவரை அந்த மண்ணில் இருந்த பொருள் அங்கே மாறியது.

ரஃப் ராக்கின் முதல் இயக்குநர் ராபர்ட் ரோசல். வெள்ளையரான அவர் நவஹோ மண்ணில் ஆசிரியராக வந்து, ரூத் என்ற நவஹோ ஆசிரியரை மணந்து, அங்கேயே வேர்விட்டவர். பள்ளியைத் தொடங்கத் துணைநின்றவர்கள் ஆலன் யாஸி, கை கோர்மன், நெட் ஹதத்லி. கல்லூரிக்கான அடித்தளத்தையும் இதே குழுதான் போட்டது. 1968இல், ரேமண்ட் நகாய் பழங்குடித் தலைவராக இருந்தபோது, பழங்குடி அவை கல்லூரிக்கு ஒப்புதல் தந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மத்திய அரசின் வறுமை ஒழிப்பு அலுவலகம், டானர் அறக்கட்டளை, பழங்குடி அரசின் சொந்தப் பணம் ஆகிய மூன்றும் சேர்ந்து முதல் நிதி ஆயின.

1969 ஜனவரியில் வகுப்புகள் தொடங்கியபோது கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. மெனி ஃபார்ம்ஸ் என்ற ஊரில் மத்திய அரசு கட்டியிருந்த விடுதி உயர்நிலைப் பள்ளியில் இடம் வாங்கித்தான் நடத்தினார்கள். பிள்ளைகளின் மொழியைப் பறித்த அதே அமைப்புக்குச் சொந்தமான கூரையின்கீழ் நவஹோ மொழியும் நவஹோ வரலாறும் கல்லூரிப் பாடமாயின.

ரோசல் முதல் தலைவரானார். ஆனால் தலைமை நாற்காலியில் ஒரு நவஹோதான் இருக்கவேண்டும் என்பதில் அவருக்கும் கல்லூரி ஆட்சிக் குழுவுக்கும் ஒரே எண்ணம். அதே ஆண்டில் நெட் ஹதத்லி பொறுப்பேற்றார். அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் தலைவரான முதல் தொல்குடி மனிதர் அவர்தான் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். விடுதிப் பள்ளியில் படித்தவர். நவஹோ கைவினைஞர் சங்கத்தை நிர்வகித்தவர். பழங்குடி அவையில் உறுப்பினராக இருந்தவர். ஒரு வெள்ளிக் கொல்லரின் உழைப்புக்கு என்ன விலை, ஒரு கம்பளி விரிப்புக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்லூரியின் ஆட்சிக் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் நவஹோக்கள். அவர்களில் பட்டம் பெறாதவர்களும் இருந்தார்கள். கல்லூரியை நடத்தும் தகுதி பட்டத்தில்தான் இருக்கிறது என்ற எண்ணத்தை அவர்கள் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.

ஆசிரியர் நியமனத்தில் அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நவஹோ மருத்துவச் சடங்குகளை நடத்துபவருக்கு அவர்கள் மொழியில் ‘ஹதாலி’ என்று பெயர். நேர்ப்பொருள் ‘பாடுபவர்’. நோய் தீர்க்கும் சடங்கு ஒன்று பல இரவுகள் நீளும். நூற்றுக்கணக்கான பாடல்களை ஒரு சொல் பிசகாமல், வரிசை மாறாமல் பாடவேண்டும். தரையில் வண்ண மணலால் ஓவியம் தீட்டி, சடங்கு முடிந்ததும் அதைக் கலைத்துவிடவேண்டும். ஒரே ஒரு சடங்கைக் கற்றுத்தேறவே ஆண்டுகள் பல ஆகும். ஏட்டில் எழுதாமல் மனத்தில் தாங்கிய இந்தப் பேரறிவுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் தந்ததில்லை. நவஹோ கல்லூரி இத்தகைய பெரியவர்களை வகுப்பறைக்குள் ஆசிரியர்களாக அழைத்துவந்தது. ரஃப் ராக்கிலோ ஹதாலிகளிடம் இளையவர்கள் சீடர்களாக இருந்து பயில, தேசிய மனநல நிறுவனத்தின் நிதியோடு ஒரு பயிற்சித் திட்டமே நடந்தது.

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. சில கதைகளை நவஹோக்கள் குளிர்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். பாம்பும் கரடியும் உறங்கி, இடி ஓய்ந்திருக்கும் காலம் அது. சில பாடல்களை உரியவர் அல்லாதோர் முன் பாடக்கூடாது. எதை வகுப்பில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில் பெரியவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. அறிவு எல்லாமே எல்லாருக்கும் எப்போதும் திறந்திருக்கவேண்டும் என்று நம்பும் நவீனக் கல்விக்கும், அறிவுக்கு ஒரு பருவமும் பொறுப்பும் உண்டு என்று நம்பும் மரபுக்கும் இடையே இந்தக் கல்லூரி நாள்தோறும் வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த உரசலே இங்கு நடக்கும் கல்வி உண்மையானது என்பதற்குச் சான்று.

இக்கல்லூரியின் தொடக்க ஆண்டுகளில் நடந்த வேலைகளில் மிகப் பெரியது எது என்று கேட்டால், அது முதியவர்களின் சொல்லைப் பதிவு செய்த வேலைதான். நவஹோ ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ரூத் ரோசல், ‘நீண்ட நடை’யைப் பற்றித் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு வளர்ந்தவர்களின் நினைவுகளைத் திரட்டி 1973இல் ஒரு நூலாக்கினார். அடுத்த ஆண்டே, 1930களில் மண் அரிப்பைக் காரணம் காட்டி மத்திய அரசு நவஹோக்களின் ஆடுகளைக் கட்டாயமாகக் குறைத்த கொடுமையைப் பற்றிய நேரடிச் சாட்சியங்களும் நூலாயின. கண்முன்னே மந்தை சுட்டுத்தள்ளப்பட்டதைப் பார்த்தவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்கள் பேசினார்கள்; கல்லூரியின் சொந்தப் பதிப்பகம் அச்சிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்டவர்களின் நினைவுகளும் 1977இல் இப்படித்தான் வெளிவந்தன. ராணுவக் கோப்புகளிலும் அதிகாரிகளின் கடிதங்களிலும் மட்டுமே இருந்த வரலாறு, அதை அனுபவித்தவர்களின் வாய்ச்சொல்லாக மாறி, அவர்கள் பேரப்பிள்ளைகளின் பாடநூலானது.

சமுதாயத்தின் ஆதரவு என்று சொல்லும்போது நன்கொடையைத்தான் பொதுவாக நினைக்கிறோம். தங்கள் துயரத்தையே ஒரு கல்லூரிக்குக் கொடுத்தவர்கள் இந்த முதியவர்கள். இதைவிடப் பெரிய நன்கொடை எதுவென்று தெரியவில்லை.

1973இல் கல்லூரி செய்லியில் தன் சொந்த வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. வளாகத்தின் அமைப்பே வட்டம். நவஹோக்களின் மரபான வீடான ஹோகனை மனத்தில் வைத்து வரையப்பட்டது அது. ஹோகன் பெரும்பாலும் எட்டுப் பட்டை கொண்ட மரவீடு. அதன் வாசல் எப்போதும் கிழக்கு நோக்கியே இருக்கும், விடியலை வரவேற்க. மாணவர் விடுதிகளும் எட்டுப் பட்டையாகவே கட்டப்பட்டன. நடுநாயகமாக நிற்பது ஆறு மாடி உயரத்தில் எட்டுப் பட்டைக் கண்ணாடிக் கட்டடம். சுற்றியிருக்கும் மலையும் வானமும் அதன் சுவர்களில் தெரியும். 1972இல் மறைந்த ஹதத்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கட்டடம் எழுந்து நின்றதை அவர் பார்க்கவில்லை.

கல்வித் தத்துவத்தையும் அவர்கள் திசைகளிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். கிழக்கு சிந்தனைக்கு, தெற்கு திட்டமிடலுக்கு, மேற்கு வாழ்தலுக்கு, வடக்கு எண்ணிப்பார்த்துத் தெளிவடைவதற்கு. நவஹோ நாட்டின் நான்கு எல்லைகளாக நிற்கும் நான்கு புனித மலைகளோடு பொருந்தும் வரிசை இது. கணிதம் படித்தாலும் உயிரியல் படித்தாலும் மாணவர் இந்த வட்டத்தைச் சுற்றிவரவேண்டும் என்பது கல்லூரியின் நோக்கம். சுவரில் எழுதிவைக்கும் வாசகமாக மட்டும் இது நின்றுவிடக்கூடும் என்ற அச்சம் யாருக்கும் எழலாம். எல்லா வகுப்புகளிலும் இது ஒரே ஆழத்தில் நடக்கிறது என்று சொல்வதும் மிகையாகிவிடும். ஆனால் பாடத்திட்டம் வரையும்போது முதல் கேள்வி எங்கிருந்து எழவேண்டும் என்பதை அது தீர்மானித்திருக்கிறது.

இனிப் பணத்துக்கு வருவோம். 1970 ஜூலையில் குடியரசுத் தலைவர் நிக்சன், பழங்குடிகள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையை ஆதரித்து நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார். அடுத்த ஆண்டு டிசம்பரில், நவஹோ கல்லூரிக்கென்றே தனிச் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். செய்லி வளாகம் எழ அந்தச் சட்டம் வழிசெய்தது. 1976இல் வட மத்தியப் பிராந்தியத் தர மதிப்பீட்டு அமைப்பின் முழு அங்கீகாரமும் கிடைத்தது.

இதற்குள் மற்றப் பழங்குடிகளும் விழித்துக்கொண்டார்கள். லகோட்டா மக்கள் தங்கள் மண்ணில் கல்லூரிகளைத் தொடங்கினார்கள். 1973இல் ஆறு பழங்குடிக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. அதன் தொடர் முயற்சியால் 1978இல் எல்லாப் பழங்குடிக் கல்லூரிகளுக்குமான நிதிச் சட்டம் நிறைவேறியது. 1994இல் இக்கல்லூரிகளுக்கு, மாநில வேளாண் பல்கலைக்கழகங்களைப் போல ‘நிலக்கொடைக் கல்லூரி’ என்ற தகுதியும் வந்தது. இன்று இத்தகைய கல்லூரிகள் 30க்கும் மேல். எல்லாவற்றுக்கும் மூத்தது செய்லியில் இருப்பது.

ஆனால் சட்டத்தில் எழுதிய தொகை கைக்கு வந்த தொகை அல்ல. ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று 1978ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த அளவை நாடாளுமன்றம் பல்லாண்டுகள் முழுமையாக ஒதுக்கவே இல்லை. மேலும் அந்தக் கணக்கில் தொல்குடி மாணவர்கள் மட்டுமே சேர்த்தி. பக்கத்து ஊர் வெள்ளை மாணவரோ மெக்சிகோ வம்சாவளி மாணவரோ வந்து சேர்ந்தால், அவருக்கும் கல்லூரி கதவைத் திறக்கிறது. ஆனால் அவர் பெயரில் அந்த நிதி வராது. மாநில அரசுகளோ ‘அது மத்திய அரசின் பொறுப்பு’ என்று பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கின்றன. சொத்துவரி இல்லை, மாநில மானியம் உறுதியில்லை, மத்திய ஒதுக்கீடு ஆண்டுதோறும் இழுபறி. ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்கைத் தயவாக மாற்றிவிட்ட இந்த நிலை, அமெரிக்க அரசு வெட்கப்படவேண்டிய ஒன்று.

இந்த இடைவெளியை உள்ளூர்தான் இட்டு நிரப்புகிறது. நவஹோ நாடு ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மேல், இலங்கையைவிடப் பெரியது. அந்தப் பரப்பு 110 ‘சாப்டர்’களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நம் கிராம சபையைப் போன்றது இது. 1927இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், ஊர்மக்கள் சாப்டர் மண்டபத்தில் கூடி, சாலை முதல் மேய்ச்சல் வரை எல்லாவற்றையும் பேசித் தீர்மானம் போடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருவதும் சாப்டர்களின் வழக்கம். தொகை சிறியதாக இருக்கும். ஆனால் அது ஊர் கூடி முடிவுசெய்த பணம். மேலே பழங்குடி அரசு தன் வருமானத்திலிருந்து கல்லூரிக்கு நேரடியாக நிதி ஒதுக்குகிறது. நவஹோ மண்ணில் வசூலாகும் விற்பனை வரியில் ஒரு பகுதியைக் கல்லூரிக்குத் திருப்பித்தர அரிசோனாவும் சட்டம் செய்திருக்கிறது. கார்லைலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மனுவெலிட்டோவின் பெயரில் 1980இல் ஒரு கல்வி உதவித்தொகை நிறுவப்பட்டது. சிறந்த மதிப்பெண் மட்டும் அதற்குப் போதாது. நவஹோ மொழியும் நவஹோ ஆட்சிமுறையும் படித்திருக்கவேண்டும்.

கல்லூரியும் வாங்கிக்கொண்டதோடு நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்காக நவஹோ மண்ணில் யுரேனியம் தோண்டப்பட்டது. ஆபத்தைப் பற்றி எச்சரிக்கை செய்யப்படாத நவஹோ தொழிலாளர்கள் சுரங்கத் தூசியைச் சுவாசித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் வந்தது. 500க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் மூடாமல் கைவிடப்பட்டன. 1979 ஜூலையில் சர்ச் ராக்கில் கழிவுநீர் அணை உடைந்து, கதிரியக்கக் கழிவு புவெர்கோ ஆற்றில் கலந்தது. கதிர்வீச்சு என்ற கருத்துக்கு நவஹோ மொழியில் சொல்லே இல்லாதபோது, ஆடு மேய்க்கும் பாட்டிக்கு அதை எப்படி விளக்குவது? ஷிப்ராக்கில் உள்ள கல்லூரிக் கிளை யுரேனியக் கல்வித் திட்டம் ஒன்றை நடத்தி இந்த வேலையில் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை மக்கள் மொழியில் சொல்லப் பழகியது. 2005இல் நவஹோ அரசு தன் மண்ணில் யுரேனியம் தோண்டுவதையே சட்டம்போட்டுத் தடைசெய்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். நவஹோ மண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. செம்மண் பாதை மழையில் சேறாகிவிட்டால் வகுப்புக்கு வரமுடியாது. பிள்ளை பெற்ற பிறகு படிக்க வருபவர்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள், வீட்டு முதியவரைக் கவனித்துக்கொள்பவர்கள் பலர். இடையில் நின்றுபோகிறவர்களும் பலர். 2020 வசந்தத்தில் கொரோனா நவஹோ நாட்டைக் கடுமையாகத் தாக்கியபோது, வகுப்புகள் இணையத்துக்கு மாறின. வீட்டில் இணையம் இல்லாத மாணவர்கள் வண்டியை ஓட்டிவந்து, இணைப்பு கிடைக்கும் வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள்.

எல்லாவற்றையும்விட ஆழமான கவலை மொழியைப் பற்றியது. அமெரிக்கத் தொல்குடி மொழிகளில் இன்று மிக அதிகமானோர் பேசுவது நவஹோதான். ஏறத்தாழ 1,70,000 பேர். ஆனால் அவர்களில் இளையவர்களின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை குறைகிறது. கல்லூரி தொடங்கிய நாளில், பிள்ளைகள் வீட்டில் கற்ற மொழியைக் கல்லூரி மதிக்கவேண்டும் என்பதுதான் கோரிக்கை. இன்று வீட்டில் கற்காத மொழியைக் கல்லூரி கற்றுத்தரவேண்டிய நிலை. முன்னது மதிப்பு சார்ந்த போராட்டம். பின்னது உயிர் சார்ந்தது. தாய்மொழியை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளியில் மீட்டுவிடலாம் என்று நம்பும் எந்தச் சமூகமும் செய்லியின் அனுபவத்தைக் கவனித்துப் படிக்கவேண்டும்.

நம் பக்கத்திலும் ‘சமுதாயக் கல்லூரி’ என்ற சொல் புதிதல்ல. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது; அடுத்த ஆண்டு சென்னையிலும் ஒன்று எழுந்தது. உள்ளூர் வேலைவாய்ப்புக்கேற்ற திறன்களைக் கற்பிப்பது இவற்றின் முதன்மை நோக்கம். அது தேவையானது. ஆனால் ஊரின் வைத்தியரும் நெசவாளரும் கூத்துக் கலைஞரும் மாணவர்களைத் தேடி வெளியே காத்திருக்காமல், உள்ளே ஆசிரியராக அமரும் நாற்காலி நம் சமுதாயக் கல்லூரிகளில் எத்தனை என்று கேட்டுப் பார்க்கலாம். நிதி கேட்கும்போது மட்டும் சமுதாயத்தை நினைத்துக்கொள்ளும் நிறுவனத்தைச் சமுதாயம் நெடுநாள் தாங்காது. நவஹோக் கல்லூரி முதல் நாளிலேயே ஊரிடம் கேட்டது அறிவை. ஊர் அதைக் கொடுத்தது, கொடுத்ததைக் காப்பாற்றவும் முன்வந்தது.

தினே கல்லூரி 1998இல் தன் முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதற்கு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் துணைநின்றது. எந்தப் பாடத்தில் முதல் பட்டம் தருவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தபோது, அவர்கள் தேர்ந்தெடுத்தது தொடக்கப் பள்ளி ஆசிரியர் கல்வி. முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று 1868இல் எழுதிக்கொடுக்கப்பட்ட அந்த ஆசிரியர், 130 ஆண்டுகள் கழித்து, நவஹோ மொழியும் தெரிந்தவராக, செய்லியில் பயிற்சி பெறத் தொடங்கினார்.